நம்ம சாஞ்சவ

பெரியப்பாவின் பிஸ்கட் டின்னில் கடைசியாகக் கிடந்தது அந்தப் புகைப்படம். அதற்கு மேலே நிலவரி ரசீதுகள், துரியான் விற்ற கணக்குச் சீட்டுகள், ரப்பர் வளையம் போட்ட இரண்டு பழைய கடப்பிதழ்கள் இருந்தன. பெரியப்பாவின் முப்பதாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் பெரியம்மா டின்னை என் மடியில் வைத்து, "உனக்குத்தான் பழைய காகிதம்னா உசிரு. வேண்டியத எடுத்துக்க, மிச்சத்தக் கொளுத்திடலாம்" என்றார். எங்கள் ஊரான பாலிக் புலாவில் மழை பிடித்திருந்த சமயம் அது. அன்றைக்கு எதையும் கொளுத்த முடியவில்லை. அந்தப் படம் தப்பியதில் மழைக்கும் பங்குண்டு.

உள்ளங்கையளவு வண்ணப் படம். நீலமும் பச்சையும் வெளிறிப்போய்ச் சிவப்பு மட்டும் தங்கியிருந்தது. வெள்ளைச் சட்டையும் கருப்புக் காற்சட்டையும் போட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு பெரியப்பா நிற்கிறார். அவருக்குப் பின்னால் கரும்பழுப்பாக ஒரு பெரிய உரு. முதல் பார்வைக்கு மழையில் தேய்ந்த பாறை என்றே நினைத்தேன். ஒரு பக்கம் சின்னதாக ஒரு முனை உயர்கிறது. நடுவில் உடல் குடைந்துபோய் அந்தப் பக்கத்து வெளிச்சம் தெரிகிறது. மறுபக்கம் இரண்டு மேடுகள். முனையைத் தலை என்று எண்ணிப் பார்த்ததும் எல்லாம் மாறிவிட்டது. மேடுகள் முழங்கால்களாகின. குடைவு மார்பாயிற்று. ஒரு பெண் கையை ஊன்றிச் சாய்ந்து படுத்திருந்தாள். அதன் பிறகு எவ்வளவு முயன்றும் அதைப் பாறையாகப் பார்க்க முடியவில்லை.

பின்புறம் பென்சிலில் பெரியப்பாவின் சாய்வெழுத்து: "சூலியா தெரு. நம்ம சாஞ்சவ. பின்னால பேங்க்."

பினாங்குத் தமிழ்க் குடும்பங்களின் பழைய படங்களைத் தேடி, அவை எடுக்கப்பட்ட இடத்தையும் காலத்தையும் குறித்துவைக்கும் வேலையைச் சில ஆண்டுகளாகச் செய்துவருகிறேன். படத்தின் பின்னால் எழுதியிருப்பதை இன்னொரு சான்று கிடைக்கும்வரை நம்பக்கூடாது என்று அந்த வேலையில் கற்றிருக்கிறேன். ஆனால் இது என் வீட்டுப் படம். சூலியா தெரு என்றிருக்கிறது, "நம்ம" என்றும் இருக்கிறது. பினாங்குக்காரனுக்கு வேறெந்தச் சூலியா நினைவுக்கு வரும்? மறுநாள் காலையிலேயே மலைச்சாலை ஏறி இறங்கி ஜார்ஜ்டவுனுக்குப் போனேன்.

லெபோ சூலியாவைக் கடலோரம் வெல்ட் கீயிலிருந்து பினாங்கு சாலைவரை இரண்டு முறை நடந்தேன். இந்தத் தெருவுக்குத் தொடக்கத்தில் மலபார் தெரு என்று பெயர். சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறி வந்த தமிழ் முஸ்லிம்களைச் சூலியர் என்று அழைத்த வழக்கம் பிறகு தெருவுக்கும் பெயராக நின்றது. 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும் நாகூர் தர்காவும் பக்கத்தில்தான் இருக்கின்றன. லெபோ சூலியாவுக்குக் குறுக்கே ஓடுகிற லெபோ பந்தாயில் வங்கிகள் வரிசையாக உண்டு. ஆகவே "பின்னால பேங்க்" என்பதும் பொருந்துவதாகப் பட்டது. படத்தில் வெண்கலம்போலத் தெரிந்த அந்த உருவை மட்டும் காணவில்லை.

ஜார்ஜ்டவுனில் எல்லோரும் அறிந்த பழைய வெண்கலச் சிலை ஒன்றுதான். கார்ன்வாலிஸ் கோட்டையில் நிற்கும் பிரான்சிஸ் லைட். 1936இல், குடியேற்றத்தின் 150ஆம் ஆண்டுக்காகச் செய்தது. லைட்டின் முகத்தைக் காட்டும் ஓவியம் எதுவும் கிடைக்காததால், ஆஸ்திரேலியாவில் அடிலெய்டு நகரை வகுத்த அவர் மகன் வில்லியமின் சாயலை வைத்துச் சிற்பி முகத்தை அமைத்தார். முகம் தெரியாத மனிதருக்கு மகன் முகத்தைக் கொடுத்துச் சட்டைப் பொத்தான்வரை நுணுக்கமாக வார்த்த சிலை அது. என் படத்தில் இருப்பதோ முகமே இல்லாத உரு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால், ஆள் என்று முதலில் நம்மைத் தொடுவது முகமில்லாததுதான். இதை அன்றைக்குக் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன்.

தெரு முனையில் காசு மாற்றும் கடை வைத்திருக்கும் பெரியவர் படத்தை வாங்கிக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூக்கருகே பிடித்துப் பார்த்தார்.

"தம்பி பசியாறியாச்சா?"

"ஆச்சு பாய்."

"இது நம்ம சூலியா இல்ல தம்பி. நான் சின்னப் பிள்ளையிலேர்ந்து இந்தத் தெருவுல இருக்கேன். இங்க எந்த பேங்க்காரனும் வாசல்ல இப்படி ஒண்ணு வெச்சது கெடையாது. தெக்க இன்னொரு சூலியா இருக்கே, அதப் பாத்தீங்களா?"

தெற்கே என்றால் சிங்கப்பூர். சுமார் 700 கிலோமீட்டர். அவர் சொன்னதும் உறைத்தது. பிரிட்டிஷ்காரர்கள் பினாங்கில் வைத்த தெருப்பெயர்களில் பல சிங்கப்பூரிலும் உண்டு. இங்கே மார்க்கெட் ஸ்ட்ரீட், அங்கேயும் மார்க்கெட் ஸ்ட்ரீட். இங்கே நாகூர் தர்கா, அங்கேயும் நாகூர் தர்கா. ஒரே மக்கள் இரண்டு துறைமுகங்களிலும் இறங்கியதால் பெயர்களும் அவர்களோடு இறங்கின. பெரியப்பா எழுதிய "நம்ம" என்ற ஒரு சொல்தான் என்னைத் தவறான துறைமுகத்தில் நிறுத்தியிருந்தது.

சிங்கப்பூர் தேசிய நூலக வாரியம் பழைய நாளிதழ்களைப் படமெடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. தமிழ் முரசும் அதில் உண்டு. பாலிக் புலாவில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பல இரவுகள் அவற்றைப் புரட்டினேன். அங்கேயிருந்த சூலியா தெருவுக்குப் பழைய பெயர் கிளிங் ஸ்ட்ரீட். தமிழரை இழிவாகக் குறிக்கும் சொல்லாக அது மாறிவிட்டதால் இந்தியர்கள் ஆட்சேபித்தார்கள், 1920களின் தொடக்கத்தில் சூலியா ஸ்ட்ரீட் ஆயிற்று. பினாங்கில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல் அதே சொல்லைத் தாங்கி இன்றும் பெருமையோடு நிற்கிறது. ஒரு சொல் ஓரிடத்தில் வசவாகவும் இன்னோரிடத்தில் பட்டமாகவும் இருக்கிறது. என் தேடலுக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை. ஆனாலும் அந்தப் பக்கங்களைக் கடந்துபோக மனம் வரவில்லை. ஒரு தெருவின் பெயர்ப்பலகையை மாற்றுவதற்காக நம் ஆட்கள் மனுவெழுதி வாதாடிய காலம் அது. சூலியா தெருவை ஒட்டிய மார்க்கெட் ஸ்ட்ரீட்டில்தான் செட்டியார் கிட்டங்கிகள் இருந்தன. சாய்வுப் பெட்டியும் பாயும் போட்டுக் கணக்கர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த அந்தக் கட்டடங்கள் 1970களில் நகரச் சீரமைப்பில் போய்விட்டன.

சிங்கப்பூர் சூலியா தெருவில் நடுவே துளையுள்ள, மனித உருவைத் தொனிக்கும் வெண்கலச் சிற்பம் இருக்கிறதா என்று அங்கேயுள்ள நண்பரிடம் கேட்டேன். அரை மணி நேரத்தில் படம் வந்தது. சால்வடோர் டாலியின் 'நியூட்டனுக்கு வணக்கம்'. யுஓபி வங்கிக் கோபுரத்தின் அடியில் நிற்கிறது. மார்பில் பெரிய துளை, அதற்குள் தொங்கும் இதயம், தலையிலும் துளை, நீட்டிய கையிலிருந்து நூலில் தொங்கும் உருண்டை. தெரு சரி, வங்கி சரி, துளையும் சரி. தேடல் முடிந்துவிட்டது என்றே ஒருநாள் முழுக்க நம்பினேன்.

பொருந்தாதது ஒன்றுதான். நியூட்டன் நிற்கிறார். பெரியப்பா எழுதியது "சாஞ்சவ".

கடப்பிதழ்களை அப்போதுதான் ஒழுங்காகப் பிரித்தேன். ஒன்று, சிங்கப்பூருக்கு மட்டும் செல்லுபடியாகும் 'பாஸ்போர்ட் தெர்ஹாட்'. 2005இல் நிறுத்தப்படும்வரை தீபகற்பத்தில் வேலை தேடித் தெற்கே போன எத்தனையோ பேரின் சட்டைப்பையில் இருந்த சின்னப் புத்தகம். பெரியப்பாவின் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் ஜொகூர் பாரு, உட்லண்ட்ஸ் முத்திரைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்திருந்தன. 1983 அக்டோபரில் சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் கட்டுமானம் தொடங்கியது. அந்தச் சுரங்க வேலைக்குப் போனவர் அவர். முதல் தடம் 1987 நவம்பர் 7ஆம் தேதி திறக்கப்பட்டது. அவருடைய கடைசி வெளியேற்ற முத்திரை அதே மாதம். அதன் பிறகு பெரியப்பா தெற்கே போகவேயில்லை. கிராம்பு, ஜாதிக்காய், துரியான் என்று தோட்டத்தோடு இருந்துவிட்டார். டாலியின் நியூட்டன் நிற்கும் யுஓபி கோபுரமோ 1992இல்தான் கட்டி முடிந்தது. அவர் அங்கே நின்று படமெடுத்திருக்க வழியே இல்லை.

படத்தை உருப்பெருக்கியின் கீழ் வைத்துச் சிற்பத்தை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்த்தேன். இதை முதல் நாளே செய்திருக்க வேண்டும். மேல் விளிம்பில் வெளிறிய காங்கிரீட் சுவர் ஒன்று ஏறுகிறது. சுவர் நேராக இல்லை, தூண்போல அரைவட்டமாக வளைகிறது. அதை ஒட்டி, பொத்தான்களை அடுக்கியதுபோல் சன்னல் வரிசை. அப்படி ஒரு கட்டடம் சூலியா தெருவில் ஒன்றே ஒன்றுதான். 65ஆம் எண்ணில் ஓசிபிசி சென்டர். 52 மாடி. 1976இல் முடிந்தது. இரண்டு பக்கமும் அரைவட்டக் காங்கிரீட் தண்டுகள், நடுவில் மூன்று அடுக்காகத் தொங்கும் சன்னல் தொகுதிகள். சிங்கப்பூர் மக்கள் அதற்கு 'கால்குலேட்டர்' என்று பெயர் வைத்தார்கள். 1932இல் மூன்று சீன வங்கிகள் இணைந்து பிறந்த வங்கி அது. பழைய தலைமையகமான சைனா பில்டிங்கை இடித்துவிட்டு அதே மனையில் கட்டினார்கள்.

வரைந்தவர் ஐ. எம். பெய். அந்தப் பெயரைக் கண்டதும் நாற்காலியை இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தேன். பெய் கட்டிய பெரிய கட்டடங்களின் முற்றங்களில் ஒரு சிற்பியின் வேலை திரும்பத் திரும்ப வரும். வாஷிங்டன் தேசியக் கலைக்கூடத்தின் கிழக்குக் கட்டடம், டாலஸ் நகர மண்டபம், இரண்டின் வாசலிலும் ஹென்றி மூரின் வெண்கலம். இரண்டும் 1978. சாய்ந்து கிடக்கும் பெண்ணுருவை வாழ்நாளெல்லாம் வடித்தவரும் மூர்தான்.

மூரின் சிற்பங்களுக்கு லண்ட் ஹம்ஃப்ரீஸ் பதிப்பகம் ஆறு தொகுதிகளாகப் பட்டியல் வெளியிட்டது. அதில் உள்ள எண்களை எல்.எச். என்ற முன்னெழுத்தோடு உலகமெங்கும் வழங்குகிறார்கள். அந்தப் பட்டியலில் என் படத்தில் இருந்தவளைக் கண்டுபிடித்தபோது மகிழ்ச்சியைவிடக் குழப்பமே மிஞ்சியது. 'சாய்ந்த உரு', 1938. எண் 192. தலை, குடைவு, முழங்கால் எல்லாம் அவளேதான். ஆனால் பெய்யின் கட்டடம் முடிவதற்கு 38 ஆண்டுகள் முன்பே அவள் பிறந்துவிட்டிருக்கிறாள். பொருள் வெண்கலம் இல்லை. நீளம் 33 சென்டிமீட்டர். 1939இல் வாங்கப்பட்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறாள். பெரியப்பா நிற்பதோ அவரைவிட உயரமான ஒன்றின் முன்னால்.

பட்டியலில் பொருள் என்ற இடத்தில் இருந்த சொல்லை என் குறிப்பேட்டில் அவசரத்தில் "ஈயம்" என்று எழுதி வைத்திருந்தேன். நம் வீட்டில் ஈயம் என்றால் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு. அது வெள்ளீயம், பேராக்கிலிருந்து வந்து பினாங்கு டத்தோ கிராமட் சாலை உருக்காலையில் கட்டியாகி உலகத்துக்குப் போன உலோகம். வெண்கலத்தில் செம்போடு சேர்வதும் அதுதான். மூர் பயன்படுத்தியது காரீயம். இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கிக்கொண்ட பிறகே அந்த உருவம் ஏன் அப்படி வளைந்தது என்பதும் புரிந்தது. காரீயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும், அடுப்படியிலேயே வார்க்கலாம். கென்ட் வட்டாரத்தில் இருந்த தம் குடிலில் மூர் அதை மனைவி இரீனாவின் சமையல் பாத்திரங்களில்தான் உருக்கினார். அதுவரை கல்லையும் மரத்தையும் செதுக்கியவர் அவர். கல்லில் மெல்லிய வளைவை நீட்டினால் ஒடிந்துவிடும், பெரிய குடைவு வைத்தால் மேல்பாகம் தாங்காது. உருக்கி ஊற்றும் உலோகத்தில் உடலைத் திறந்து, உள்ளே காற்று புகவிட்டு, தோளையும் இடுப்பையும் மெல்லிய பாலம்போல இணைக்க முடிந்தது. சாய்ந்தவளின் மார்பில் வெளிச்சம் தெரிவதற்குக் காரணம் காரீயம்.

மூர் 1898இல் யார்க்‌ஷயரில் காசல்ஃபோர்ட் என்ற சுரங்க ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். 1920களில் பாரிஸில் மெக்சிகோவின் 'சாக்மூல்' கற்சிலையின் படிவத்தைக் கண்டார். மல்லாந்து, முழங்காலை உயர்த்தி, தலையைப் பக்கவாட்டில் திருப்பிக் கிடக்கும் உரு அது. மழைத் தெய்வத்தோடு சேர்த்துப் பேசப்படுவது. அதன் பிறகு அவர் கையில் சாய்ந்த உரு பிறந்துகொண்டே இருந்தது. மனித உடலையும் நிலத்தையும் அவர் பிரித்துப் பார்க்கவில்லை. முழங்கால் குன்று, இடுப்பு பள்ளத்தாக்கு, துளை குகை. திருவரங்கத்தில் அரவணையில் கிடக்கும் கோலத்தைப் பார்த்து வளர்ந்த நமக்குக் கிடந்த உரு புதிதல்ல. ஆனால் அரங்கனுக்கு முகமும் திருவடியும் உண்டு. அடையாளத்தையெல்லாம் நீக்கிய பிறகும் ஒரு உடல் உடலாகவே நிற்குமா என்பதே மூர் கேட்ட கேள்வி.

33 சென்டிமீட்டர் சூலியா தெருவுக்கு எப்படி வந்தது? பட்டியலின் பிற்காலத் தொகுதியில் 192க்குப் பக்கத்தில் 192பி என்று ஒரு பதிவு இருந்தது. 'பெரிய சாய்ந்த உரு', 1984. ஓசிபிசி சென்டரின் வாசலுக்கு மூரின் சிற்பம் வேண்டும் என்று பெய் கேட்டபோது, 1938இன் அந்தச் சின்ன உருவையே பெரிதாக்கினார்கள். நீளம் சுமார் 9 மீட்டர். எடை 4 டன்னுக்கு மேல். மூரின் சிற்பங்களிலேயே மிகப்பெரியது இதுதான் என்கிறார்கள். அப்போது அவருக்கு வயது 86. இரண்டே ஆண்டில், 1986 ஆகஸ்டு 31ஆம் தேதி மறைந்தார். இதே உருவின் வெள்ளை ஃபைபர்கிளாஸ் வடிவம் அவர் வாழ்ந்த பெர்ரி கிரீனில், ஆடு மேயும் நிலத்தின் மேட்டில் நிற்கிறது.

அந்த எண்களோடு கொஞ்ச நேரம் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 33 சென்டிமீட்டர் 9 மீட்டரானால் நீளம் ஏறத்தாழ 27 மடங்கு. உயரமும் அகலமும் அதேபோல் வளரும். கனஅளவு கிட்டத்தட்ட 20,000 மடங்கு. காரீய உருவின் எடை 2 கிலோ என்று வைத்துக்கொண்டாலும், அதே உரு கெட்டியாக வெண்கலத்தில் அந்த அளவுக்கு நின்றால் 30 டன்னைத் தாண்டிவிடும். 4 டன் என்றால் உள்ளே கூடு. நம் சோழர் காலத் திருமேனிகளில் பெரும்பாலானவை உள்ளே கெட்டியாக வார்த்தவை. தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உரு செய்து, அதன்மேல் காவிரி வண்டலைப் பூசி, சூட்டில் மெழுகை ஓடவிட்டு, அது விட்டுப்போன இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலையில் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் இதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். செய்யப்போகும் சிலையின் உயரத்துக்குத் தென்னங்கீற்றை நறுக்கிக் கணக்காக மடித்துக்கொள்கிறார். மடிப்புக்கு மடிப்பு முகம், கழுத்து, மார்பு, தொடை. அதற்கு ஒடியோலை என்று பெயர். ஓலை நீண்டால் சிலை வளரும், விகிதம் மாறாது. மூரின் பட்டறையில் ஓலைக்குப் பதில் அளவுச்சட்டங்கள், சின்ன உருவின் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பெரிய உருவுக்குக் கடத்தும் உதவியாளர்கள். வழி வேறானாலும் அந்த வேலையை ஸ்தபதியிடம் காட்டினால் உடனே புரிந்துகொள்வார்.

ஆனால் ஒரு சிரமம் இதில் உண்டு. இரு கைக்குள் அடங்கும் உருவை நாம் மேலிருந்து பார்க்கிறோம், கையில் எடுத்துத் திருப்புகிறோம். 9 மீட்டரில் அதன் காலடியில் நின்று அண்ணாந்து பார்க்க வேண்டும். கைக்கடக்கமாக இருந்தபோது நெருக்கமாக இருந்தது பெரிதானால் வெறும் பிரம்மாண்டமாகிவிடலாம். பெரிதாக்கிய பல சிற்பங்களுக்கு அந்தக் கதிதான். இதற்கு அது நேரவில்லை என்பது என் முடிவு. நேரில் போய்ப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன்.

ஒரு சனிக்கிழமை காலை, வங்கி மூடியிருந்த நேரத்தில் சூலியா தெருவில் நின்றேன். உடல் முழுதும் கருமை. மழைநீர் வழிந்த இடங்களில் மட்டும் நிறம் மாறியிருந்தது, கோயில் மணியின் உட்புறத்தில் களிம்பு படிவதுபோல. தலை மிகச் சின்னது. முகமில்லை. அந்தத் தலைக்கும் முழங்காலுக்கும் நடுவே வெயில் புகுந்து தரையில் விழுந்தது. பெரியப்பாவின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு அடி அடியாகப் பின்வாங்கி, வளைந்த சுவரும் தோளும் ஒரே கோட்டில் சேரும் இடத்தைத் தேடினேன். கிடைத்தது. படம் எடுத்தவர் நின்ற இடம் அது. பெரியப்பா நின்ற இடம் சிற்பத்திலிருந்து நாலடி தள்ளி, நடுவில் இல்லாமல் ஓரமாக. படத்தில் அவர் அவளை மறைக்கவேயில்லை. முழுதாகத் தெரியும்படி விலகி நின்றிருக்கிறார். சம்பள நாளிலோ ஞாயிற்றுக்கிழமையிலோ எடுத்த படங்களில் ஆட்கள் நட்டநடுவில் நிற்பதைத்தான் இத்தனை ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன்.

பெர்ரி கிரீனில் 2005 டிசம்பரில் நடந்தது அங்கே நின்றபோது நினைவுக்கு வந்தது. மூரின் இன்னொரு சாய்ந்த உருவை, 2 டன் வெண்கலத்தை, இரவில் பாரந்தூக்கி லாரியோடு வந்தவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். அதன் மதிப்பு 30 லட்சம் பவுண்டு. துண்டு துண்டாக அறுத்துப் பழைய உலோகமாக விற்றிருப்பார்கள், 1,500 பவுண்டு கிடைத்திருக்கும் என்று காவல்துறை 2009இல் சொன்னது. தமிழ்நாட்டுத் திருமேனிகளும் எத்தனையோ முறை இப்படி உலைக்குப் போயிருக்கின்றன, கல்வெட்டில் பெயர் மட்டும் மிஞ்சி. உலோகத்தில் செய்தது கல்லில் செய்ததைவிட உறுதி என்கிறோம். ஆனால் அதை மறுபடி உருக்கலாம். கல்லை உருக்க முடியாது.

இடம் தெரிந்துவிட்டது, சிற்பமும் தெரிந்துவிட்டது. காலம் 1984க்கும் 1987 நவம்பருக்கும் நடுவில். என் பட்டியலில் சேர்க்க இவ்வளவு போதும். ஆனால் "நம்ம" என்ற சொல் மட்டும் நின்றது. சிங்கப்பூர் வங்கி வாசலில் இங்கிலாந்துக்காரர் ஒருவர் செய்த உரு எப்படி "நம்ம சாஞ்சவ" ஆகும்? தெரு தமிழர் பெயரைத் தாங்குவதால் அப்படி எழுதினார் என்று ஒரு விளக்கம் எழுதி, படித்துப் பார்த்து, அடித்துவிட்டேன். அது நான் யோசிப்பது. அவர் அப்படி யோசிப்பவர் இல்லை.

ஊர் திரும்பிய மறுநாள், பெரிதாக அச்சிட்ட படத்தைப் பெரியம்மாவிடம் காட்டினேன். வீட்டுக்குப் பின்னால் பாய் விரித்துக் கிராம்பு காயப்போட்டிருந்தார். குச்சியையும் மொட்டையும் பிரித்தபடியே ஒரு முறை பார்த்தார்.

"ஒல்லியா இருக்காரு. சிங்கப்பூர் சோறு ஒத்துக்கல."

"பின்னால இருக்கறது என்னன்னு தெரியுதா பெரியம்மா?"

"சாஞ்சவ."

"உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க சிங்கப்பூர் போனதே இல்லையே."

பெரியம்மா படத்தைக் கீழே வைத்துவிட்டு, கிராம்பு ஒட்டிய கையாலேயே என் மோவாயைப் பிடித்து மலைப் பக்கமாகத் திருப்பினார். பிறந்ததிலிருந்து பார்க்கும் மலைமுகடு. வலது கோடியில் சின்னதாக ஒரு முனை. அதற்குக் கீழே தோள்போல ஒரு சரிவு. நடுவில் முகடு தாழ்ந்து வானம் உள்ளே இறங்குகிறது. இடது பக்கம் அடுத்தடுத்து இரண்டு குன்றுகள்.

"எங்களுக்குக் கல்யாணம் ஆன வருசம் அவரு வெச்ச பேரு. சாஞ்சவ தலையில மேகம் ஏறுச்சுன்னா அரை மணியில மழைம்பாரு. தெக்க இருந்து எழுதுற காயிதத்துல எல்லாம் சாஞ்சவ எப்படி இருக்கா, மழை உண்டான்னு கேப்பாரு. ஒரு காயிதத்துல, இங்கயும் ஒருத்தி பேங்க் வாசல்ல சாஞ்சிருக்கா, நம்மாளு மாதிரியேன்னு எழுதியிருந்தாரு. படம் எடுத்து அனுப்புறேன்னாரு. அனுப்பல. கையிலயே கொண்டாந்துட்டாரு போல."

கடிதங்கள் எங்கே என்று கேட்டேன். கறையான் அரித்துப் பல வருஷம் ஆயிற்று என்றார். நான் மலையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். படத்தைக் கையில் தூக்கிப் பிடித்து முகட்டோடு ஒட்டிப் பார்த்தேன். முழங்கால் குன்றோடு சேரவில்லை. இரண்டடி இடதுபக்கம் நகர்ந்து, ஜாதிக்காய் மரத்தடிக்குப் போய்ப் பிடித்தேன். சேர்ந்தது.

"அங்க என்ன நின்னுக்கிட்டு இருக்க? தலையில ஏறிடுச்சு பாரு. பாய அந்தப் பக்கம் புடி, கிராம்பு நனஞ்சிடும்."

படத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு பாயின் மறுமுனையைப் பிடித்தேன்.